தையல் கணக்கில் எழுதிய பாட்டு

கணக்குப் புத்தகங்களில் நான் பல ஆளாக இருந்திருக்கிறேன். சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் புல்வெட்டுக்காரி. அதற்கடுத்த தோட்டத்தில் பாதை செப்பனிட்டவள். மலையடிவாரத்துச் சத்திரம் ஒன்றில் ஆளாகக்கூட இல்லை, விளக்கெண்ணெய்ச் செலவு.

நாங்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைத்தவர்கள். சொந்த ஊர் போடி. என் கணவர் ஆர்மோனியம் வாசிப்பார், அவருடைய தம்பி டோலக் அடிப்பான், நான் பாடுவேன். பொங்கல் கழிந்ததும் போடிமெட்டு வழியாக மலையேறுவோம். தோட்டங்களில் சம்பள நாள் பார்த்துப் போய்ச் சேர்ந்தால் கூட்டம் தானாக வரும். கொழுந்து கிள்ளிவிட்டு வந்த பெண்கள் முதுகுக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து கேட்பார்கள். அவர்களில் பாதிப் பேர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். ஊர்ப் பேச்சில் பாட்டு வந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று பாடச் சொல்வார்கள்.

பாடி முடித்தால் கணக்கப்பிள்ளை பேரேட்டை விரிப்பார். பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசிப்பார். பாட்டுக்காரர்களுக்குக் கொடுத்தது என்று எழுத அதில் இடம் கிடையாது. எழுதினால் துரை கேள்வி கேட்பார். ஆகவே புல்வெட்டு, மூன்று ஆள் என்று எழுதிவிட்டுக் கூலியைக் கொடுப்பார். என் கணவர் கையெழுத்துப் போட்டு வாங்குவார். எந்தப் பெயரில் எழுதினால் என்ன, சோறு சோறுதானே என்று நாங்களும் நடையைக் கட்டுவோம். அதில் எனக்கு அப்போது ஒரு குறையும் தோன்றியதில்லை.

மழைக்கு முன்னால் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். பனியிலும் மழையிலும் ஆர்மோனியத்தின் கட்டைகள் ஊதிப்போய், அழுத்தினால் எழும்பாமல் கிடக்கும். தேயிலை காயவைக்கிற அறைக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துச் சூடேற்றிக்கொள்ளத் தோட்டத்து ஆட்கள் இடம் கொடுத்ததுண்டு. பிறகு அந்தப் பெட்டியைத் திறந்தாலே இரண்டு ஊருக்குத் தேயிலை வாசம் வீசும். இறங்கியபின் பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று நகர்ந்து, நவராத்திரிக்கு வேலந்தாவளம் சந்தைக்குப் பக்கத்து ஊர்களுக்கு வந்துவிடுவோம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கடலையும் சோளமும் விளைகிற சீமை அது. பேச்சு கோயமுத்தூர்ப் பேச்சு.

அப்படி வந்த ஒரு வருஷம் சரஸ்வதி பூஜைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பாட அழைத்தார்கள். மண்சுவர் வைத்து ஓலை வேய்ந்த நீளமான ஒரே கட்டடம். அதை நடத்தியவர் அந்த ஊர் விவசாயி ஒருவர். காடும் தோட்டமும் நிறைய உள்ளவர். ஆனால் எல்லோரும் அவரை மானேஜர் என்றே கூப்பிட்டார்கள், அவருக்கும் அதுதான் பிடித்திருந்தது. தலைமை வாத்தியார் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். ஒல்லியாக, எதையும் இருமுறை சரிபார்க்கிறவராக இருந்தார். வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமை வண்டியில் வருவார்.

பிள்ளைகளின் சிலேட்டு, புத்தகம் எல்லாவற்றையும் அடுக்கிப் பூஜை போட்டிருந்தார்கள். நான் பாடிய பாட்டில் மயில் வருகிற இடத்தில் என் கொழுந்தன் டோலக்கிலேயே மயில் நடப்பது போல அடிப்பான். அதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் புரண்டன. மானேஜர் முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார். தாளம் சேரவில்லை, ஆனாலும் நிறுத்தாமல் போட்டார்.

முடிந்ததும் என் கணவர் வழக்கம்போல் போய் நின்றார். தலைமை வாத்தியார் கையைப் பிசைந்தார்.

"கணக்குப் புஸ்தகம் பூஜையில இருக்கே. இன்னிக்கு எடுக்கப்படாது. நாளைக்கு விஜயதசமி. காலம்பற வாங்கோ, தந்துடறேன்."

அன்று அந்த ஊரிலேயே தங்கினோம். விடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். சிறுபிள்ளைகளை மடியில் வைத்து, பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை எழுதிய அரிசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. அந்தச் சந்தடியெல்லாம் ஓய்ந்த பிறகு வாத்தியார் கணக்குப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றி எடுத்தார். அட்டையில் சந்தனமும் குங்குமமும் ஈரம் காயாமல் இருந்தன. பேனாவை மையில் தொட்டார். அப்புறம் எங்கள் கணக்கப்பிள்ளைகளைப் போலவே அவரும் யோசிக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னுங்க வாத்தியாரே, குடுத்து அனுப்புங்க, அவிங்க சந்தைக்குப் போகோணுமல்ல?" என்றார் மானேஜர்.

"எந்தப் பத்தியில எழுதறதுன்னு பாக்கறேன். போன வருஷம் மேளக்காராளுக்குக் குடுத்ததைச் சில்லறைச் செலவுன்னு எழுதினேன், ஓர்மை இருக்கோ? ஆடிட்டர் சிவப்பு மசியால அடிச்சுட்டார். என் சம்பளத்துலேர்ந்துன்னா பிடிச்சா? நீங்களே கையிலேர்ந்து குடுத்துடுங்கோளேன்."

மானேஜர் தலையை ஆட்டினார். "அதாகாதுங்க. பள்ளிக்கூடத்துப் பூசைக்குப் பள்ளிக்கூடந்தானுங்க குடுக்கோணும். நாங் குடுத்தா அது என்ற ஊட்டுக் கச்சேரி ஆயிப்போயிருமுங்க."

வாத்தியார் பக்கத்தைப் புரட்டினார். சாக்குக்கட்டி, துடைப்பம், தண்ணீர்ப்பானை என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். முகம் தெளிந்தது. சர்க்கார், பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லித்தர ஒரு டீச்சரை வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டு, மானியமும் ஒதுக்கியிருந்தது. ஆனால் அந்தக் காட்டு ஊருக்கு வர யாரும் சம்மதிக்கவில்லை. பத்தி வெறுமையாகக் கிடந்தது. அவர் ஒரு ரசீது எழுதி, பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, ஓரடி தள்ளி நின்றுகொண்டார். அவருடைய ஆசாரம் அவருக்கு.

"அம்மா ஒரு ஒப்பு போட்டாப் போறும்" என்றார்.

அதுவரை எந்தக் கணக்கிலும் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னதில்லை. பாட்டுப் புத்தகம் படிப்பதற்காக என் அப்பா எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்தப் பழக்கத்தில் ரசீதை வாய்விட்டே படித்தேன். பெண்பிள்ளைகளுக்கு இந்த மாதம் தையல் கற்பித்த வகையில் பெற்றுக்கொண்டேன் என்று இருந்தது.

"ஐயா, இதுல தையல்னுல்ல போட்டிருக்கு?"

"ஆமாம், அந்தப் பத்திதான் காலியா இருக்கு."

"நான் பாடத்தான செஞ்சேன்? தைக்கலையே."

என் கணவர் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார். "ஏ, போட்டுட்டு வா. மலையில நீ புல்லு வெட்டுனியாக்கும்? வாங்கலையா?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் புல் வெட்டாமல் விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, புல்லுக்கு லாபம். இங்கே நான் கையெழுத்துப் போட வேண்டிய பெஞ்சுக்கு எதிரே பெண்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடலை பிடுங்கிக் கறுத்த விரல்கள். முந்தின நாள் என் பாட்டுக்குக் கை தட்டியவர்கள். இவர்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தேன் என்று இவர்கள் முன்னாலேயே எழுதிக்கொடுக்க எனக்குக் கை வரவில்லை. டீச்சர் என்கிற சொல்லின் மேல் எனக்கு ஒரு மரியாதையும் இருந்தது. நான் ஒரு பள்ளிக்கூடத்திலும் படித்தவள் இல்லை.

"அப்பச் சரி. தையல் சொல்லிக் குடுத்துட்டே போறேன்" என்றேன். "இந்த மாசம் முடிய."

வாத்தியார் பேனாவைக் கீழே வைத்தார். மானேஜர்தான் கேட்டார். "ஏனம்மிணி, உனக்குத் தையல் தெரியுமா?"

"ஆர்மோனியத்துத் துருத்தி கிழிஞ்சா நான்தாங்க தைக்கிறேன். காத்துப் போகாது."

"காத்தே போகாதா? அப்புறமென்ன!" என்று அவர் சிரித்தார்.

வாத்தியார் சிரிக்கவில்லை. ஆனால் தோள் இறங்க மூச்சு விட்டார். "விஜயதசமியும் அதுவுமா, பூஜையில வெச்ச புஸ்தகத்துல முதல் எழுத்தே பொய்யா எழுதணுமேன்னு எனக்கும் என்னமோ போல இருந்தது, கேட்டேளா" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அழகான கையெழுத்து. முதல் சம்பளத்தை முன்பணமாக அப்போதே தந்தார்.

வெளியே வந்ததும் என் கணவர் பெட்டியைக் கட்டுகிற சாக்கில் என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். கோபம் வந்தால் அவர் சத்தம் போட மாட்டார். கயிற்றை இறுக்குவார். அன்று கயிறு அறுந்தது.

"கேட்டுருக்கலாம்ல என்னைய?" என்றார்.

"அந்த நேரத்துல தோணல. வாயில வந்துருச்சு."

"மழை மாசம், மலையேற முடியாது. அதனால பொழச்ச." அறுந்த கயிற்றை முடிந்துகொண்டே, "ஒரு மாசந்தான?" என்று கேட்டார்.

"ஒரு மாசந்தான்" என்றேன். அப்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அவரும் கொழுந்தனும் வேலந்தாவளத்துக்குப் போனார்கள். அங்கே மாட்டுச் சந்தையில் ஒரு மருந்து வியாபாரி கூட்டம் சேர்க்க வாத்தியக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தார். மாட்டுக்கும் மனுஷனுக்கும் ஒரே தைலம் விற்கிறவர். எனக்கு மானேஜர் வீட்டுக் கடலைக் கிடங்கை ஒட்டிய ஓர் அறை கொடுத்தார்கள். சன்னலைத் திறந்தால் கிணறும் கமலை இழுக்கிற மாடுகளும் தெரியும். மூன்று வேளையும் மானேஜர் வீட்டம்மாதான் சோறு போட்டார். தன் மகளும் தையல் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அதனால் என் இலையில் எப்போதும் ஒரு கரண்டி கூடுதலாகவே விழும்.

சொல்லிக்கொடுப்பது நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. முதல் நாளே ஊசிகள் ஒடிந்தன. மண்வெட்டி பிடிக்கிற பிடியில் ஊசியைப் பிடித்தார்கள். ஒரு பெண் துணியோடு சேர்த்துத் தன் பாவாடையையும் தைத்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல் அழுதாள். அதுவும் போகட்டும் என்றால், வாத்தியார் ஒரு நாள் சர்க்கார் அச்சடித்த பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து வாசித்தார். ஓட்டுத் தையல், மடிப்புத் தையல், கிழிசல் அடைப்பது, பொத்தான் துளை. முதல் மூன்றும் எனக்கு வரும். பொத்தான் துளை வராது. எங்கள் பிழைப்பில் பொத்தானுக்கு வேலையே இருந்ததில்லை.

நான் ஒளிக்கவில்லை. "ஐயா, இந்தப் பொத்தான் எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "எனக்கும் தெரியாது. சந்தையில தையக்காரன் இருப்பன். கத்துண்டு வாங்கோ."

சந்தை நாளில் மானேஜர் வீட்டு வண்டியில் வேலந்தாவளம் போனேன். மாடுகளுக்கும் தரகர்களுக்கும் நடுவே, கீற்றுக் கொட்டகையில் மிஷின் வைத்து ஒரு தையல்காரர் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, பொத்தான் துளை போடுவது எப்படி என்று கேட்டேன். ஒரு பெண்பிள்ளை சந்தை நடுவில் வந்து இதைக் கேட்கிறாளே என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு துண்டுத் துணியில் போட்டுக் காட்டினார். அந்தப் பக்கம் என் கணவர் தைல வியாபாரிக்கு வாசித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. வாசிப்பைக் கேட்டுக்கொண்டே நான் துளைமேல் துளையாகப் போட்டேன். திரும்பும்போது என் முந்தானை ஓரத்தில்கூட இரண்டு துளை இருந்தது. மறுநாள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். அப்படியே ஒவ்வொரு சந்தைக்கும் போய் ஒன்று கற்றுக்கொண்டு வந்து, சூடு ஆறுவதற்குள் சொல்லிக்கொடுத்துவிடுவேன்.

பாட்டு எப்போது உள்ளே நுழைந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. கை வேலை செய்யும்போது எனக்கு வாய் சும்மா இருக்காது. நான் முனக, அவர்களும் முனகத் தொடங்கினார்கள். தாளத்துக்கு ஒரு குத்து, தாளத்துக்கு ஒரு இழுப்பு என்று விழுந்தபோது தையல் தானாகச் சீரானது. அவசரக்காரிகள் நிதானமானார்கள், மந்தமானவளும் கூடவே வந்தாள். நீளமான மடிப்புக்கு நீளப் பாட்டு, பொத்தான் துளைக்குக் குறும்பாட்டு என்று அவர்களே வகை வைத்துக்கொண்டார்கள். அடுத்த வகுப்பில் கணக்குப் போட்ட பையன்கள் தலையாட்டிக்கொண்டு விடையைத் தப்பாக எழுதியதாக வாத்தியார் ஒரு தரம் வந்து சொன்னார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

மாதம் முடிந்து என் கணவரும் கொழுந்தனும் வந்தார்கள். ஆனால் மழை விடவில்லை. போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்து கிடப்பதாகச் சந்தையில் பேச்சு. இன்னொரு மாதம் இருக்கலாம் என்று ஆனது. அந்த மாதத்தில்தான் பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற பெண் இன்ஸ்பெக்டர் வந்தார்.

அது கடலை பிடுங்குகிற சமயம். கூண்டு வண்டியிலிருந்து வெள்ளைப் புடவை கட்டிய அந்த அம்மாள் இறங்கியபோது வாத்தியாருக்கு வேர்த்துக் கொட்டியது. மலையாளக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசினார், ஆனால் மலையாளம் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. நேராகப் பெண்பிள்ளைகளிடம் வந்து, ஆளுக்கொரு துண்டுத் துணி கொடுத்து, மடித்துத் தைக்கச் சொன்னார்.

யாருக்கும் கை ஓடவில்லை. அவருடைய செருப்புச் சத்தம் நெருங்கினாலே ஊசி நின்றுவிடும். நூல் கோக்கவே முடியாமல் மானேஜர் மகள் எச்சில் தொட்டுத் தொட்டு நூலை நனைத்துக்கொண்டிருந்தாள். விழுந்த தையல்களும் கோழி கிளறியது போல இருந்தன. எனக்கு மனது கேட்கவில்லை. எனக்காக இல்லை. அந்தப் பிள்ளைகள் இவ்வளவு நன்றாகத் தைப்பார்களே, இதைப் பார்த்துவிட்டுப் போகிறாரே என்றுதான்.

நான் அறியாமலே என் வாய் முனகிவிட்டது. வெளியே கேட்காத அளவுக்குத்தான். ஆனால் முதல் வரிசைப் பெண்ணுக்குக் கேட்டுவிட்டது. அவள் எடுத்தாள். அடுத்தவள் எடுத்தாள். பிறகு மொத்த வரிசையும் தலையைக் குனிந்துகொண்டு பாடியது, ஊசிகள் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறின.

வாத்தியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் "ஸ்ஸ்" என்று அடக்கப் போனேன்.

"நிறுத்த வேண்டா" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மாள். "பாடட்டும்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பாட்டு முடியும் வரை நின்றார். துணிகளை வாங்கி ஒவ்வொன்றாகச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆரு இந்தப் பாட்டு படிப்பிச்சது?"

"நான்தாங்கம்மா."

"நிங்கள் தையல் எவிடே படிச்சது? சர்ட்டிபிகேட் உண்டோ?"

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "சர்ட்டிபிகேட் இல்லைங்கம்மா. நான் ஊர் ஊராப் போய்ப் பாடுற ஆளு. சரஸ்வதி பூசைக்குப் பாட வந்தேன். பாட்டுக்குக் குடுக்கப் பத்தி இல்லைன்னு தையல்ல எழுதினாக. எழுதினதுக்காகத் தைக்கச் சொல்லிக் குடுக்கிறேன். பொத்தான் துளை சந்தையில கத்துக்கிட்டது."

சொன்ன பிறகுதான் இதனால் வாத்தியாருக்கு என்ன ஆகுமோ என்று பயந்தேன். அந்த அம்மாள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். எழுதிய தேதியைப் பார்த்தார். பிள்ளைகளிடம், டீச்சர் எந்த நாளிலிருந்து வருகிறார் என்று கேட்டார். மானேஜர் மகள் எழுந்து, "விஜயதசமிக்கு மக்யா நாள்ல இருந்துங்க" என்று பட்டென்று சொன்னாள். மக்யா நாள் என்றால் அந்த ஊரில் மறுநாள்.

"அப்போ இதில் பொய் ஒன்றும் இல்லா" என்று புத்தகத்தை மூடினார். அதை வாத்தியாரிடம் நீட்டிக்கொண்டே, "பாட்டுக்கு கிராண்ட் இல்லா. பாடக்கூடாதென்று எழுதியிட்டும் இல்லா" என்றார். அவர் சிரித்தாரா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. வருகைப் புத்தகத்தில் எழுதியது மட்டும் பாராட்டாக இல்லை. மடிப்புத் தையல் பரவாயில்லை, கிழிசல் அடைப்பு மோசம், டீச்சர் தற்காலிகம், பாலக்காட்டில் நடக்கும் தையல் பரீட்சையை எழுதித் தேறினால் நிலையாக வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

வண்டி போன பிறகு வாத்தியார் தண்ணீர்ப்பானையிலிருந்து இரண்டு டம்ளர் குடித்தார். "நிஜத்தைச் சொல்லிட்டேளே, நான் செத்தே போயிட்டேன்" என்றார். பிறகு அந்தக் கடைசி வரியைத் திரும்பவும் வாசித்துக் காட்டினார்.

அன்று சாயங்காலம் கிடங்குப் பக்கம் என் கணவர் ஆர்மோனியத்தைப் பிரித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். வந்த புதிதில் நான் வேலியோரம் அவரைக்காய் விதை போட்டிருந்தேன், அது பூ விட்டிருந்தது. கல்யாணமானதிலிருந்து நான் விதைத்தது எதுவும் காய்த்து நான் பார்த்ததில்லை, அதற்குள் நாங்கள் வேறு ஊரில் இருப்போம். அதை அவரிடம் சொன்னேன். பரீட்சை விஷயத்தையும் சொன்னேன்.

அவர் ஒரு கட்டையை எடுத்து ஊதினார். "நீ இல்லாம மெட்டுக்குப் போனா எவன் கேப்பான்? தம்பி பாடுனா இருக்குறவனும் எந்திரிச்சுப் போவான்."

"மதினி, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான் கொழுந்தன் உள்ளேயிருந்து.

"கோடை லீவு ரெண்டு மாசம் விடுறாக. அப்ப நானும் வாரேன்" என்றேன். "மத்த நாளு நீங்க சந்தை பாருங்க. உங்களுக்கும் இங்க வேலை இருக்கு. பஜனை வைக்கிற ஊர்ல எல்லாம் ஆர்மோனியம் கெட்டுக் கெடக்குதாம், சரிபண்ண ஆளில்லைன்னு வாத்தியார் சொன்னாரு."

அவர் கட்டைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்தினார். நான் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலையில் பெட்டியைக் கட்டாமல், மானேஜரிடம் போய், கிடங்கு ஓரத்தில் ஆர்மோனிய வேலைக்கு ஒரு பலகை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். எனக்கு மானேஜர் வீட்டம்மா சொல்லித்தான் தெரியும்.

அந்தக் கோடையில் சொன்னபடி மலையேறினோம். சின்னக்கானலில் பெண்கள் ஏன் பிந்திவிட்டீர்கள் என்று கேட்டுச் சண்டை போட்டார்கள். நான் டீச்சர் ஆகிவிட்டேன் என்றதும் நம்பாமல் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. ஒருத்தி தன் கிழிந்த கம்பளியைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். பாடிக்கொண்டே தைத்துக் கொடுத்தேன். கணக்கப்பிள்ளை அந்த வருஷமும் புல்வெட்டு என்றே எழுதினார்.

பரீட்சை மறு வருஷம் வந்தது. பாலக்காட்டில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில். மோட்டார் பஸ்ஸில் போனோம், எனக்கு வழியெல்லாம் வாந்தி. என் கணவர் தான் சரிசெய்த பழைய ஆர்மோனியம் ஒன்றையும் கூட எடுத்து வந்திருந்தார், டவுனில் ஒருவருக்கு அதை விலைக்குக் காட்ட வேண்டும் என்றார். உள்ளே பெரிய மேஜைகள். என்னைவிட வயதில் சின்ன, ரவிக்கைக் கையில் சரிகை வைத்த பெண்கள். ஒருவரும் யாருடனும் பேசவில்லை. கொடுத்த துணியில் எல்லாத் தையலும் போட்டேன். கிழிசல் அடைப்புக்கு மட்டும் நேரம் அதிகம் எடுத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு தைத்தது அன்று ஒரு நாள்தான். உள்ளுக்குள் பாடிக்கொண்டேன், அதை யாரும் தடுக்க முடியாதே.

துணியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், என் கணவரை விட்டுவிட்டுப் போன இடத்தில் காணவில்லை. வாசலுக்கு அப்பால் மரத்தடியில் ஒரு கூட்டம். கூட்டத்துக்குள்ளிருந்து ஆர்மோனியம் கேட்டது. விலைக்குக் காட்ட ஆள் வரவில்லையாம், சும்மா வாசித்துப் பார்த்திருக்கிறார், வண்டிக்காரர்களும் கடைக்குப் போகிறவர்களும் நின்றுவிட்டார்கள்.

நான் விலக்கிக்கொண்டு முன்னால் போகப் போனேன். பிறகு போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அவர் வாசிப்பைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறேன். துருத்தியின் மூச்சும் கட்டைகளின் சத்தமும் காதுக்குள்ளேயே இருக்கும், என் பாட்டைப் பற்றிய கவலை வேறு. எதிரில் நின்று, கூட்டத்தில் ஒருத்தியாக ஒரு தடவையும் கேட்டதில்லை. எவ்வளவு நன்றாக வாசிக்கிறார்! நான் பாட வேண்டிய இடங்களில் விரலை மெதுவாக்கி, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, மறுபடி சேர்ந்துகொண்டார். பக்கத்தில் நின்ற ஒரு தயிர்க்காரி, "நல்லா இருக்கில்ல?" என்றாள். ஆமாம் என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். புருவத்தைத் தூக்கி, எப்படி என்று கேட்டார். நான் நன்றாக எழுதியதாகத் தலையசைத்தேன். அவர் நிறுத்தவில்லை, இன்னொரு பாட்டை எடுத்தார். நான் அது முடியும் வரை அங்கேயே நின்று கேட்டேன். பிறகு பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கடை தேடிப் போனோம்.